இசாஃபகோகேஸ்ட்ரோட்யூஒடிநாஸ்கபி: இதை எங்க வெட்டி எங்க மூச்சு விடுறது?

நர்சிங்_ரெண்டாம்_வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், பிளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். அடுத்த வாரம் வைவா, அதான் வாய்மொழித் தேர்வு. எனக்கு விழுந்திருக்கிற புரொசீஜர் வாய் வழியா டியூப் விட்டு வயித்தைப் பாக்குற எண்டோஸ்கோப்பி. ரெகார்ட் நோட்டு எழுதி முடிச்சாச்சு, பேஷண்டை எப்படி ரெடி பண்றதுங்கிறதும் தெரியும், ஆனா தலைப்புல இருக்கிற முழுப் பேரு இருக்கே அதுதான் வாய்க்குள்ள வரவே மாட்டேங்குது. நேத்து கிளாஸ்ல எந்திரிச்சு "ஈசோபேகோ கேஸ்ட்ரோ" வரைக்கும் போயிட்டேன், அதுக்கப்புறம் "டியோ டினோ டியோ"ன்னு நாக்கு சுத்திக்கிச்சு, பின் பெஞ்சில சிரிச்சுட்டாங்க. மேடம் திட்டல, சிலபிள் பிரிச்சு படிச்சுட்டு வாம்மான்னு மட்டும் சொன்னாங்க. ராத்திரி உக்காந்து நானே பிரிச்சேன்: ஈசோ – பேகோ – கேஸ் – ட்ரோடியோ – டினோ – ஸ்கோப்பி. இது சரியா? எந்த அடிப்படையில பிரிக்கணும்னு யாராவது சொல்லிக் கொடுங்க ப்ளீஸ்.

ஸ்கோப்_ரூம்_மதுரை

தங்கச்சி, நான் எண்டோஸ்கோப்பி டெக்னீசியன், 9 வருஷ சர்வீஸ். எங்க ரூம்ல இந்த முழுப் பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. டாக்டர் "ஓஜிடி போடு"ம்பாரு, நாங்களும் லிஸ்ட்ல ஓஜிடின்னு தான் எழுதுவோம். பேஷண்ட்கிட்ட "வாய் வழியா சின்ன கேமரா விட்டுப் பாப்போம்யா, பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்"னு சொல்லுவோம். ஒரு தடவை கன்சென்ட் ஃபார்ம்ல இருந்த நீளப் பேரை புதுசா வந்த பையன் அப்படியே வாசிச்சுக் காட்டிட்டான், அந்தப் பெரியவரு மகன் மூஞ்சி வெளுத்துப்போச்சு, பெரிய ஆபரேஷன்னு நெனச்சுட்டாரு. உக்கார வச்சு தண்ணி குடுத்து விளக்குறதுக்குள்ள அடுத்த கேஸ் லேட்டாயிருச்சு. அதனால பேருக்காக பயப்படாதீங்க. வேலையைக் கத்துக்கங்க, பேரு தானா வரும்.

டேப்_கேட்ட_காலத்து_ஆள்

மதுரை தம்பி பேஷண்ட்கிட்ட நேராப் பேசணும்னு சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா பேரு தானா வரும்னு சொன்னீங்களே, அது வராது தம்பி. நான் சென்னையில பல வருஷம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பண்ணவன், அமெரிக்க டாக்டருங்க பேசி அனுப்புற ஆடியோவை காதுல மாட்டிக்கிட்டு கால்ல பெடலை மிதிச்சு மிதிச்சு டைப் அடிச்ச ஆளு. காதுக்குத் தெரியாத வார்த்தையை கண்ணு கண்டுபிடிக்காது, இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல டிஸ்ஃபேஜியாவை டிஸ்ஃபேஸியான்னு அடிச்சுட்டேன். நமக்கு ஜாவும் ஸாவும் பக்கத்துப் பக்கத்து வீடு, காதுல ஒண்ணாத்தான் விழுந்துச்சு. முதல்ல சொன்னது முழுங்க சிரமப்படுறது, ரெண்டாவது பேச்சு வர சிரமப்படுறது. முழுங்க முடியாம தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு வந்த மனுஷனை பக்கவாதம் வந்து பேச்சு வராதவரா மாத்தி வச்சிருந்தேன். என் எடிட்டரம்மா பிடிச்சுட்டாங்க, இல்லன்னா அந்த ரிப்போர்ட் அப்படியே போயிருக்கும். அன்னையிலிருந்து உச்சரிப்பை நான் ஸ்டைலா பாக்கவே இல்ல, அது பேஷண்ட் பாதுகாப்பு.

சரி, பாப்பா கேள்விக்கு வரேன். இந்த வார்த்தையை ரெண்டு கத்தியால வெட்டணும். முதல் கத்தி அர்த்தத்துக்கு. இசாஃபகோ, கேஸ்ட்ரோ, ட்யூஒடினோ, ஸ்கோப்பி, இப்படி நாலே துண்டு. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல், உள்ள பாக்குறது. டியூப் எந்த வழியா போகுதோ அதே வரிசையில பேரு போகுது பாருங்க, வாய்ல நுழைஞ்சதும் முதல்ல குழாய், அப்புறம் பை, அப்புறம் குடல். வார்த்தையே வழி சொல்லுது. வைவால பேரு மறந்தா டியூப் போற பாதையை மனசுல ஓட்டுங்க, பேரு பின்னாடியே வந்துரும்.

ரெண்டாவது கத்தி வாய்க்கு, அதைத்தான் உங்க மேடம் சிலபிள்ங்கிறாங்க. இது வேற இடத்துல வெட்டும். அர்த்தத்துக்கு வெட்டும்போது "னோ"வுக்கும் "ஸ்கோ"வுக்கும் நடுவுல கத்தி விழுது. ஆனா வாய் அங்க நிக்காது, அந்த ஸ்-ஐ இழுத்து முன்னாடி ஒட்டிக்கிட்டு "நாஸ்"னு அழுத்தும், "கபி"ன்னு லேசா விட்டுரும். லேப்பராஸ்கபி, கொலனாஸ்கபி, பிராங்காஸ்கபி எல்லாத்துலயும் இதே கதை தான். ஆனா கருவியைச் சொல்லும்போது அழுத்தம் முன்னாடி ஓடிப்போயிரும், எண்டோஸ்கோப்ல "எண்" மேல அழுத்தம், எண்டாஸ்கபில "டாஸ்" மேல அழுத்தம்.

நீங்க தடுக்கி விழுற இடம் "ட்ரோடியோ". அங்க ரெண்டு உறுப்போட பேரை ஒரே மூச்சுல கட்டிப்போட்டு வச்சிருக்கீங்க. கேஸ்ட்ரோ முடிஞ்சதும் ஒரு கால் நொடி நில்லுங்க. அப்புறம் ட்யூ-ஒ-டி-நாஸ்-கபி.

நர்சிங்_ரெண்டாம்_வருஷம்

அண்ணா, டியூப் போற பாதைன்னு சொன்னீங்களே, அதைப் படிச்சதும் சட்டுன்னு புரிஞ்சிருச்சு. இத்தனை நாள் மொத்தமா ஒரே கயிறா மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன். ஆனா மொத்தம் எத்தனை சிலபிள்? நான் எண்ணினா ஒரு தடவை 10 வருது, இன்னொரு தடவை 13 வருது.

கோடிங்_நைட்_ஷிப்ட்

நாங்க மெடிக்கல் கோடிங், அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு இதை தெனமும் 43235ங்கிற கோடா போடுறோம், பயாப்சி எடுத்திருந்தா 43239. பேரை வாய் விட்டு படிச்சு வருஷக்கணக்காச்சு. அமெரிக்கா ஆளுங்க ஈஜிடிம்பாங்க, நம்ம ஊர்ல ஓஜிடி. இது ஏன்னு யாருக்காவது தெரியுமா?

ஓய்வு_தமிழாசிரியர்

அம்மா, நான் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். மருத்துவம் எனக்குத் தெரியாது, ஆனா எழுத்தெண்ணத் தெரியும், அதனால சொல்றேன்.

முதல்ல அசை பிரிக்கிற மாதிரி நேர் நிரைன்னு பிரிச்சிடாதீங்க. நிறைய பேரு சிலபிள்னா அசைன்னு சொல்லிக்கொடுக்கிறாங்க, அது பாதி தான் சரி. "மலர்"ங்கிறது நிரையசை, நமக்கு ஒரே அசை, ஆனா வாய் ரெண்டு தடவை திறக்குது, ம ஒண்ணு லர் ஒண்ணு. ஆங்கிலக் கணக்குல அது ரெண்டு சிலபிள். அதனால அசையை விட்டுட்டு உயிரை எண்ணுங்க.

தமிழ்ல எழுதினா இது ரொம்ப சுலபம். மெய் தனியா நிக்காது, உயிரைப் பிடிச்சுக்கிட்டு தான் நிக்கும், எங்க உயிர் இல்லையோ அங்க நாம புள்ளி வச்சிடுறோம். அப்போ புள்ளி இல்லாத எழுத்து எத்தனையோ அத்தனை சிலபிள். ஆய்தத்தை எண்ண வேண்டாம். எழுதிப் பாருங்க:

இ – சா – ஃப – கோ – கேஸ் – ட்ரோ – ட்யூ – ஒ – டி – நாஸ் – க – பி

இ, சா, ப, கோ, கே, ரோ, யூ, ஒ, டி, நா, க, பி. பன்னிரண்டு. நீங்க "டியூ"ன்னு எழுதியிருந்தா டி ஒண்ணு யூ ஒண்ணுன்னு எண்ணி 13 வந்திருக்கும், "ட்யூ"ன்னு புள்ளி வச்சு எழுதணும். 10 வந்ததுக்குக் காரணம் நடுவுல இருக்கிற "ஒ"வையும் இன்னொண்ணையும் முழுங்கியிருப்பீங்க.

அந்த "ஒ" ஏன் முழுங்கப்படுதுன்னும் சொல்லிடறேன். யூவும் ஒவும் பக்கத்துல பக்கத்துல வருது, ரெண்டும் உயிர் ஒலி. தமிழன் வாய் ரெண்டு உயிரை சும்மா அடுத்தடுத்து விடாது, நடுவுல ஒரு உடம்படுமெய் கேக்கும். அது கிடைக்காததால ஒரு உயிரைத் தூக்கிப் போட்டுட்டு "டியோடினம்"னு ஆக்கிடுது. அதனால கூச்சப்படாம ஒரு வகரத்தைக் கொடுங்க, "ட்யூவொ-டி"ன்னு சொல்லிப் பழகுங்க, வழுக்கிட்டுப் போகும். கேஸ்ட்ரோவென்ட்டராலஜின்னு எல்லாரும் தடையில்லாம சொல்றாங்களே, அங்க கேஸ்ட்ரோவுக்கும் எண்ட்டருக்கும் நடுவுல வகரம் தானா வந்து உக்காந்திருக்கு, கவனிச்சுப் பாருங்க.

டேப்_கேட்ட_காலத்து_ஆள்

ஐயா, கையெடுத்துக் கும்பிடுறேன். புள்ளி இல்லாத எழுத்தை எண்ணுன்னு எங்களுக்கு டிரெய்னிங்ல யாரும் சொல்லல. தாடைக்குக் கீழ கைய வச்சு எத்தனை தடவை இடிக்குதுன்னு எண்ணச் சொன்னாங்க, அது சின்ன வார்த்தைக்கு சரியா வரும், இவ்வளவு நீளத்துக்கு குழப்பிடும்.

இன்னொரு விஷயம் கேக்கணும்னு நெனச்சேன். இந்த உறுப்புப் பேருங்க நடுவுல வர்ற "ஓ" இருக்கே, கேஸ்ட்ரோ, இசாஃபகோ, ட்யூஒடினோன்னு, அது கிரேக்கத்துல ஒட்டுறதுக்காக வர்ற உயிர். பின்னாடி வர்ற விகுதி உயிர்ல ஆரம்பிச்சா அது போயிடும். கேஸ்ட்ரோ ஐட்டிஸ்னு சொல்ல மாட்டோம், கேஸ்ட்ரைட்டிஸ்தான். கேஸ்ட்ரோ எக்டமி இல்ல, கேஸ்ட்ரெக்டமி. ஆனா ரெண்டு உறுப்பை ஒட்டும்போது மட்டும் அடுத்தது உயிர்ல ஆரம்பிச்சாலும் ஓ போகாது, அதான் கேஸ்ட்ரோ எண்ட்டர். இதுக்கு நம்ம புணர்ச்சியில ஒப்பு இருக்கா?

ஓய்வு_தமிழாசிரியர்

முதல் பாதிக்கு இருக்கே. வீடு + இல்லை = வீடில்லை. கடைசி குற்றியலுகரம் உயிரைக் கண்டதும் இடத்தைக் காலி பண்ணிடும். கேஸ்ட்ரைட்டிஸ் அப்படித்தான். ரெண்டாவது பாதி உயிர் போகாம நின்னு உடம்படுமெய் வாங்குற வகை, திரு + ஆரூர் = திருவாரூர் மாதிரி. ரெண்டு மொழியும் வேற வேற குடும்பம், ஒரே விதின்னு நான் சொல்ல வரல. ஆனா ரெண்டு உயிர் மோதினா ஒண்ணு போகணும் இல்ல நடுவுல ஒண்ணு வரணும், இது மனுஷ வாய்க்குப் பொது.

மானிப்பாய்_பிள்ளை

வணக்கம். நான் லண்டனில எண்டோஸ்கோப்பி பகுதியில நேர்ஸா இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணத்தில மானிப்பாய். ஓஜிடி, ஈஜிடி எண்டு கேட்ட தம்பிக்குப் பதில்: பிரித்தானியாவில இந்தச் சொல்லை ஓ, ஈ எண்டு ரெண்டு எழுத்தையும் முன்னுக்குப் போட்டு எழுதுறவை, அதால முதல் எழுத்து ஓ. அமெரிக்காவில அந்த ஓவை விட்டிட்டினம், அதால ஈ. ஆங்கிலத்தில 27 எழுத்து 26 ஆச்சுது, ஆனா சொல்லேக்க வித்தியாசம் ஒண்டும் இல்லை, ரெண்டு பேரும் "ஈ" அல்லது "இ" எண்டுதான் துவங்குவினம். இந்தியாவும் இலங்கையும் பிரித்தானிய வழக்கைப் பிடிச்சதால எங்களுக்கு ஓஜிடி.

உச்சரிப்பில உண்மையா வித்தியாசம் வாற இடம் ட்யூஒடீனம். இஞ்ச "டீ"யில அழுத்துவினம். அமெரிக்க ஆக்கள் கொஞ்சப் பேர் "டூ-ஆ-டினம்" எண்டு "ஆ"வில அழுத்துறதும் இருக்கு. ரெண்டும் அகராதியில இருக்கிறதுதான், ஒண்டும் பிழையில்லை. ஆனா தங்கச்சி, நீங்கள் சொன்ன "ஈசோபேகோ" மட்டும் ஒரு இடத்திலயும் இல்லை. "சா"வில அழுத்தி, "ஃப"வை விழுங்கின மாதிரி லேசா விடவேணும். இ-சா-ஃப-கஸ்.

அந்தச் சொல்லில இன்னொரு குழப்பமும் இருக்கு, கனபேர் இதில சறுக்கிறவை. இசாஃபகஸ் எண்டேக்க "க". அதே சொல் இசாஃபஜீயல் எண்டு வரேக்க "ஜ". அழற்சி எண்டால் இசாஃபஜைட்டிஸ், வெட்டி எடுக்கிறது இசாஃபஜெக்டமி, ஆனா உள்ளுக்குப் பாக்கிறது இசாஃபகாஸ்கபி. ஆங்கில ஜி (g) எழுத்துக்குப் பின்னால ஓ (o), ஏ (a), யூ (u) வந்தால் க. ஈ (e), ஐ (i), ஒய் (y) வந்தால் ஜ. தொண்டையிலயும் உதே மாதிரித்தான், லாரிஞ்ஜைட்டிஸ், ஆனா லாரிங்காலஜி.

கோடிங்_நைட்_ஷிப்ட்

அக்கா, ஒய் வந்தா ஜன்னா கைனகாலஜி எப்படி? அதுல ஜிக்குப் பின்னாடி ஒய் தானே இருக்கு, எல்லாரும் கைனக்னு தானே சொல்றோம்.

மானிப்பாய்_பிள்ளை

சரியாப் பிடிச்சீங்கள் தம்பி, அது விதிவிலக்கு. ஒய்யில நான் அவசரப்பட்டிட்டன். ஈ, ஐ வாற இடத்தில மட்டும் நம்பிப் பாவியுங்கோ, ஒய் வந்தால் அகராதியில கேட்டுப் பாருங்கோ.

ஸ்கோப்_ரூம்_மதுரை

எல்லாம் சரிங்க, ஒரு வருத்தத்தைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு கிளாஸ்ல சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கு. கிரேக்கத்துல பொறந்து லத்தீன்ல வளந்து இங்கிலீஷ்ல வந்து சேந்த வார்த்தையை, தமிழ் மீடியத்துல படிச்ச புள்ள தப்பா சொன்னா அதுல சிரிக்க என்ன இருக்கு? தமிழ்லயே அகநோக்கல்னு சொல்லிட்டுப் போகலாமே. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் அகநோக்கல். எந்தக் கிழவிக்கும் புரியும்.

மானிப்பாய்_பிள்ளை

உங்கட கோபம் விளங்குது. எங்கட ஊர்க் கதை ஒண்டு சொல்லுறன். 1847இல சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் டொக்டர் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில இருந்து எங்கட ஆக்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலயே படிப்பிச்சவர், மருத்துவப் புத்தகங்களைத் தமிழில கொண்டந்தவர், கலைச்சொல்லும் உருவாக்கினவர். 1873இல திரும்பிப் போனார். ஒரு வெள்ளைக்காரன் தமிழில மருத்துவம் படிப்பிக்கலாம் எண்டு செய்து காட்டின ஊரில பிறந்த எனக்கு, தமிழில ஏலாது எண்டு ஆரும் சொன்னால் பொறுக்காது. ஆனா இண்டைக்கு ஒரு பிள்ளை வேலைக்குப் போற இடத்தில ரிப்போர்ட் ஆங்கிலத்தில இருக்குது. ரெண்டும் தெரிஞ்சிருக்கட்டும். அகநோக்கல் நோயாளிக்கு, மற்றது டொக்டருக்கு.

டேப்_கேட்ட_காலத்து_ஆள்

ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் இடையில கவனிச்ச ஒண்ணை மட்டும் சேர்க்கிறேன், பாப்பாவுக்கு இது மறக்காது. ட்யூஒடீனம்னா லத்தீன்ல பன்னிரண்டு பன்னிரண்டாங்கிற அர்த்தம். கிறிஸ்து பிறக்கிறதுக்கு முன்னாடி, அலெக்சாந்திரியாவுல இருந்த ஹெரோஃபிலஸ்ங்கிற கிரேக்க மருத்துவர் இந்தக் குடல் பகுதியைப் பாத்து பன்னிரண்டு விரல் அகலத்துக்கு நீளம்னு கிரேக்கத்துல பேரு வச்சாரு, அதைத்தான் பின்னாடி லத்தீன்ல மொழிபெயர்த்தாங்க. நம்ம ஊர்ல பூவை முழம் போடுற மாதிரி அவரு விரலை வச்சு அளந்திருக்காரு. ஐயா எண்ணிச் சொன்ன சிலபிளும் 12. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தற்செயல் தான், ஆனா வைவால பதட்டத்துல எத்தனைன்னு சந்தேகம் வந்தா அந்தப் பன்னிரண்டு விரலை நெனச்சுக்கோங்க.

அழுத்தம் பத்தி ஒண்ணு. நமக்கு வார்த்தைக்குள்ள அழுத்தம் மாறினா அர்த்தம் மாறாது. நமக்கு குறில் நெடில் தான் எல்லாம், பல் வேற பால் வேற. அதனால நாம எல்லா எழுத்தையும் ஒரே பலத்துல முழுசா சொல்லிப் பழகினவங்க. இங்கிலீஷ்காரன் நாலஞ்சு இடத்துல தான் காலை ஊன்றுவான், மத்ததெல்லாம் தாண்டிப் போயிடுவான். இந்த வார்த்தைல சா, கேஸ், ட்யூ, நாஸ் இந்த நாலு இடத்துல காலை ஊன்றுங்க, நாஸ்ல நல்லா ஊன்றுங்க. பின்னாடியிருந்து கட்டிட்டு வாங்க, முன்னாடியிருந்து ஆரம்பிச்சா தான் நடுவுல மூச்சு தீருது. முதல்ல "நாஸ்கபி" பத்து தடவை. அப்புறம் "ட்யூவொடிநாஸ்கபி". அப்புறம் முன்னாடி கேஸ்ட்ரோ. கடைசியா இசாஃபகோ. நான் கஷ்டமான பேரெல்லாம் இப்படித்தான் பஸ்ல முணுமுணுத்துட்டே போவேன்.

ஸ்கோப்_ரூம்_மதுரை

நாஸ்கபி இப்ப நானும் சொல்லிப் பாத்துட்டேன், வருதுங்க. எங்க சார் ஒரு தடவை சொன்னாரு, 1868ல குஸ்மால்னு ஒரு ஜெர்மன் டாக்டர் நேரான உலோகக் குழாயை வச்சு இரைப்பையைப் பாக்க முயற்சி பண்ணாராம், அதுக்கு வாள் முழுங்குற வித்தைக்காரரைப் பிடிச்சாராம். ஏன்னா அவரு தான் தொண்டையை நேரா வச்சு குமட்டாம இருக்கப் பழகினவரு. வளையுற ஃபைபர் ஸ்கோப் வந்தது 1957ல தான், ஹிர்ஷோவிட்ஸ்ங்கிற டாக்டர் அதை முதல்ல தன் தொண்டையிலயே விட்டுப் பாத்தாராம். வைவால இதைக் கேட்டா சொல்லுங்க, மார்க் போடுவாங்க.

நர்சிங்_ரெண்டாம்_வருஷம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நோட்டுல 12 கட்டம் போட்டு ஒரு கட்டத்துக்கு ஒரு சிலபிளா எழுதி ஹாஸ்டல் சுவத்துல ஒட்டியிருக்கேன், நாஸ் கட்டத்தை மட்டும் சிவப்புல. ரூம்மேட்டும் சேந்து சொல்றா.

நர்சிங்_ரெண்டாம்_வருஷம்

இன்னைக்கு வைவா முடிஞ்சது. வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர், வயசானவங்க, மெதுவா பேசினாங்க. பேரு சொல்லுன்னாங்க. கேஸ்ட்ரோல நின்னேன், ஒரு நிமிஷம் மாதிரி இருந்துச்சு ஆனா அரை நொடி தான் இருக்கும், அப்புறம் ட்யூவொடிநாஸ்கபி முழுசா வந்துருச்சு. தலையை ஆட்டிட்டு அர்த்தம் கேட்டாங்க, டியூப் போற வழியில சொன்னேன். எத்தனை மணி நேரம் சாப்பிடாம இருக்கணும்னு கேட்டாங்க, 6லிருந்து 8ன்னேன். பேஷண்டை ஏன் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறோம்னு கேட்டாங்க, அங்க மாட்டிக்கிட்டேன். படுக்க வைக்கணும்னு தெரியும், ஏன்னு தெரியல. மதுரை அண்ணா, ஏன்?

ஸ்கோப்_ரூம்_மதுரை

எச்சில் ஒழுகி வெளிய வந்துரும்மா, மூச்சுக்குழாய்க்குள்ள போகாது. லிக்னோகெயின் ஸ்ப்ரே அடிச்சு தொண்டை மரத்துப் போயிருக்கும்ல, அந்த நேரம் மல்லாக்கப் படுத்தா எச்சிலை முழுங்கவும் வராது, உள்ள இறங்கினா இருமல் வந்துரும். அதான் இடது பக்கம் படுக்க வச்சு, கன்னத்துக்கு அடியில டவல் போட்டு, முழுங்காம வழிய விடுங்கன்னு சொல்லுவோம். ஸ்ப்ரே அடிச்ச பிறகு மரமரப்பு போறவரைக்கும் தண்ணி கூட குடுக்கக் கூடாதுன்றதும் இதுக்குத்தான். அதையும் ரெகார்ட்ல எழுதிக்கங்க.